வெந்தயக் கிண்ணம்

டொக். ஒரு சுத்து. மறுபடியும் டொக். டிரையருக்குள்ள துணியோட துணியா எதோ ஒண்ணு கிடந்து உருளுது. காசாத்தான் இருக்கும். இவுக பேன்ட் பைக்குள்ள கைவிட்டுப் பார்க்காமத் துணியைத் திணிச்சது என் தப்பு, கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல அந்தப் பைக்குள்ள இருந்து நான் எடுக்காத சாமானே கிடையாது, ஸ்க்ரூ, வயர் துண்டு, பாதி காலியான மாத்திரை அட்டை, கோயில் விபூதிப் பொட்டலம். இன்னும் இருபத்தாறு நிமிஷம்னு சிவப்பு எழுத்து காட்டுது. இந்தப் பொது லாண்டரி ரூம்ல பக்கத்து மேசையில போர்வை மடிச்சிட்டு இருக்கிற வெள்ளைக்காரம்மா, பேரு டெபியாம், சத்தத்தைக் கேட்டுட்டு, காசு விழுந்திருக்கு, விடு, அதுவும் சுத்தமாகி வரட்டும்னு சொல்லிச் சிரிக்கா. வந்த உடனே என்கிட்ட அவ கேட்ட முதல் கேள்வி உங்க டிரெய்லர் எத்தனை அடின்னுதான். டிரெய்லரை நிறுத்தித் தங்குற இந்த கேம்ப்கிரவுண்டு சனங்களே அப்படித்தான், எந்த ஊரு, பிள்ளைங்க எத்தனை, எதுவும் கேக்க மாட்டாக, எத்தனை அடின்னு மட்டும் கேப்பாக. இருபத்தாறுன்னேன். பெரிசுதான்னா. அவளோடது பத்தொன்பதாம். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம், இருந்துட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நட்டம். கோவில்பட்டியில அம்மாகிட்ட போன்ல சொன்னப்போ, டிரக்குக்குப் பின்னால கட்டி இழுத்துட்டுப் போற வீடும்மா, கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு, கக்கூசு இருக்குன்னேன். இருக்கிற வீட்டை விட்டுட்டு எதுக்குடி இன்னொரு வீட்டை இழுத்துக்கிட்டு அலையிறீகன்னா. டாலஸ்ல இருந்து ரெண்டு நாள் ஓட்டி, இந்த கொலராடோ மலை மேல ஏறி வந்து, அழுக்குத் துணி துவைச்சிட்டு உக்காந்திருக்கேன். அதை வீட்லயே செஞ்சிருக்கலாம். இவுக மேல, நாப்பத்தொண்ணாம் நம்பர் இடத்துல, டிரெய்லருக்குள்ள தயிர்சாதம் சாப்பிட்டுட்டு மத்தியானத் தூக்கம். டொக்.

பழைய டிரெய்லர் பதினேழு அடிதான். அடுப்புக்கும் கதவுக்கும் ஒரு கை தூரம், தாளிச்சா புகை அதுபாட்டுக்கு வெளியே போயிரும். கதவு இடுக்கு, சன்னல் இடுக்குன்னு எல்லாப் பக்கமும் காத்து வரும், மழை பெஞ்சா தலைமாட்டுல ஒழுகும், பாத்ரூம் போகணும்னா இவுக காலைத் தாண்டித்தான் போகணும். நாலு வருஷம் அதுல சுத்தினோம். பெரிசு வாங்குவோம்னு பேச்சு வந்தப்போ நான் சொன்னது வேற. வண்டி இதே போதும், நல்ல லித்தியம் பேட்டரியும் கூரையில சோலார் தகடும் போடுவோம், கரண்ட் இல்லாத இடத்துலயும் ஹீட்டர் தாராளமா ஓடும்னேன். இவுக கரண்ட் கம்பெனியில எஞ்சினியர், நெல்லையப்பன்னு பேரு, ஆபீஸ்ல நெல்லி நெல்லின்னுதான் கூப்பிடுவானுக, பேட்டரி விஷயத்துல நான் வாயைத் திறந்தா இவுகளுக்குப் பிடிக்காது. முதல்ல இடம், பேட்டரி அப்புறம்னு முடிச்சிட்டாக. சரி, பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அந்த நீளச் சமையல் மேடையைப் பார்த்ததும் வாய் அடைச்சுப் போச்சு. விக்கிறவன் சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினான், குளிர் காலத்துக்குன்னே செஞ்சது, ஒரு பொட்டுக் காத்து உள்ளே வராதுன்னான். எவ்வளவு நல்லதுன்னு நானும் தலையாட்டினேன். அய்யரைக் கூட்டிட்டு வந்து அவன் கடை வாசல்லயே பூசை போட்டோம், டிரக்குக்கு நாலு, டிரெய்லருக்கு நாலுன்னு எட்டு எலுமிச்சம்பழம், நசுங்கி அவன் தரை பூரா சாறு. உள்ளே பிள்ளையார் படத்துக்கு முன்னால சூடத்தைக் கொளுத்தினதுதான் தாமதம், கூரையில வட்டமா ஒண்ணு இருக்கே, அது கத்த ஆரம்பிச்சிருச்சு. அய்யர் பாதி மந்திரத்துல வெளியே ஓடிட்டாரு. புகை வந்தாலும் அது கத்தும், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத அந்த கார்பன் மோனாக்சைடு விஷவாயு வந்தாலும் அதுதான் கத்தும், ரெண்டுக்கும் ஒரே தொண்டை. இவுக கட்டில் மேல ஏறி அதோட பேட்டரியைக் கழட்டினதும் வாயை மூடுச்சு. அன்னைக்குப் பிடிச்ச பழக்கம். கடுகு வெடிச்சா கத்தும், மிளகாய் வத்தல் கருகினா கத்தும், பெருங்காயத்துக்கு ரெண்டு மடங்கு கத்தும், பக்கத்து டிரெய்லர்க்காரன் எட்டிப் பார்ப்பான், என்ன வேகுதோன்னு. அதனால நான் ஒரு முறை வச்சுக்கிட்டேன். தாளிக்கிறதுக்கு முன்னால கட்டில் விளிம்புல ஏறிப் பேட்டரியைக் கழட்டுவேன், சதுரமா, தலையில ரெண்டு குமிழ் வச்ச பேட்டரி, அதை அஞ்சறைப்பெட்டிக்குள்ள வைப்பேன். அதுக்குன்னே வெந்தயத்தைக் கிண்ணத்துல இருந்து காலி பண்ணி ஒரு டப்பாவுக்கு மாத்திட்டேன். கடுகுக் கிண்ணத்துக்குப் பக்கத்துக் கிண்ணம் பேட்டரிக்கு. தாளிச்சு முடிச்சுப் பெட்டியை மூடும்போது கண்ணுல படும், எடுத்து மாட்டிருவேன். ரெண்டு வருஷமா ஒரு நாள் தப்பினதில்ல. இன்னைக்கும் மாட்டியிருப்பேன்.

மாட்டினேன். மாட்டினேனா. எண்ணெய் காய வச்சதுல இருந்து வருவோம். அதுக்கு முன்னால கட்டில் மேல ஏறினேன், கழட்டினேன், அது நல்லா ஞாபகம் இருக்கு, ஏறும்போது முழங்கால்ல ஒரு சொடக்கு விழுந்துச்சு, கடவுளேன்னு சொன்னேன், இவுக வெளியே பெஞ்சில உக்காந்து காதுல மப்ளர் கட்டிட்டு மரத்தைப் பார்த்துட்டு இருந்தாக. அப்புறம் எண்ணெய். கடுகு. ஒரு சொட்டு தெறிச்சு ஸ்வெட்டர்ல விழுந்துச்சு, பச்சை ஸ்வெட்டர், மக காந்திமதி முதல் சம்பளத்துல வாங்கித் தந்தது, அய்யய்யோன்னு ஈரத்துணி வச்சுத் துடைச்சேன், போகல, அதான் இப்ப துவைக்கப் போட்டது. இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம். சோத்துல கொட்டினேன், கிளறினேன். பேட்டரியை எடுத்து மாட்டப் போற நேரம் இவுக வெளியே இருந்து கூப்பிட்டாக, வல்லி, சத்தம் போடாம வா, மானுன்னு. போனேன். பெட்டை மான், குட்டியோட. பெஞ்சுக்குப் பத்தடியில நின்னு எங்களைப் பார்த்துச்சு, காது ரெண்டும் தனித்தனியாத் திரும்புச்சு. குட்டி முதுகுல புள்ளியெல்லாம் மங்கிப் போயிருந்துச்சு, மூக்கு ஈரமா இருந்துச்சு. மான் மூக்கு ஞாபகம் இருக்கு, என் கை எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இல்ல. மாட்டப் போற நேரம்னு இப்ப சொன்னேனே, அப்படின்னா பேட்டரி கையில இருந்துச்சா, கிண்ணத்துல இருந்துச்சா? சாப்பிட்டு முடிச்சு அஞ்சறைப்பெட்டியை மூடினேன், மூடும்போது பார்த்தேன், வெந்தயக் கிண்ணம் காலி. அது நல்லாத் தெரியும். காலின்னா மாட்டியாச்சுன்னு அர்த்தம், அதுக்குத்தானே அந்த ஏற்பாடே. இன்னைக்குப் பார்த்ததா, நேத்துப் பார்த்ததா? தினமும் மூடுற பெட்டி, தினமும் காலியா இருக்கிற கிண்ணம். சரி, போய் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துருவோமான்னு எந்திரிக்கப் போனேன், உக்காந்துட்டேன். ஏழு வருஷத்துக்கு முன்னால தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பினோம், ஏர்போர்ட் வாசல்ல இறங்கியாச்சு, அப்பத்தான் எனக்கு இஸ்திரிப்பெட்டி அணைச்சோமான்னு சந்தேகம். இவுக சொல்லிப் பார்த்தாக, காந்திமதி அழுதா, நான் கேக்கல, வண்டியைத் திருப்ப வச்சேன். வீட்டுக்குப் போனா பிளக்கே மாட்டல. பிளேன் போயிருச்சு. தாலி கட்டி ரெண்டு மணி நேரம் கழிச்சு மண்டபத்துக்குள்ள பெட்டியோட போய் நின்னேன், தம்பி என் முகத்தைப் பார்க்கல. இன்னைக்கும் மக சியாட்டில்ல இருந்து போன் போட்டா முதல் பேச்சு, அம்மா, இஸ்திரிப்பெட்டி அணைச்சிட்டியா. இவுக கேலி பண்ண மாட்டாக, ஒரு வார்த்தை சொன்னது கிடையாது, அது அதைவிடக் கஷ்டம். இனிமே சந்தேகத்துக்காகத் திரும்பிப் போக மாட்டேன்னு அன்னைக்கே பிள்ளையார் மேல சத்தியம் பண்ணினேன். அதனால உக்காரு செண்பகவல்லி. பத்தொன்பது நிமிஷம்தான்.

அப்படியே மாட்டலைன்னாத்தான் என்ன இப்போ? கத்துறதுக்கு அங்க என்ன இருக்கு? தாளிச்சாச்சு, புகை போயாச்சு. ஹீட்டர்கூட ஓடல. ரெண்டு நாளா மேகம், கூரையில இருக்கிற ஒத்தைத் தகடு சும்மா கிடக்கு, காலையில இவுக கரண்ட் அளக்கிற மல்ட்டிமீட்டரை வச்சுப் பார்த்துட்டு பேட்டரி இறங்கிப் போச்சு, ஹீட்டர் காத்தாடி போட்டா சுத்தமா உக்காந்துரும்னு அணைச்சிட்டாக. அந்த மல்ட்டிமீட்டர் இவுக பிரியமா வளர்க்கிற பிள்ளை, கறுப்பு வயர், சிவப்பு வயர் ரெண்டையும் எங்கயாவது குத்திப் பார்க்காட்டி இவுகளுக்குச் சோறு இறங்காது. லித்தியம் போட்டிருந்தா இந்தப் பாடு இல்லைன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, விழுங்கிட்டேன். ஹீட்டர் இல்லாததாலதானே இட்லிப் பானை. இட்லிப் பானை. துணி மூட்டையைத் தூக்கும்போது இவுக சொன்னாக, பானை நிறையத் தண்ணி வச்சு அடுப்பைச் சிம்ல விட்டுட்டுப் போ, உள்ளே கதகதப்பா இருக்கும், நீ வந்ததும் டீக்கு வெந்நீரும் ஆச்சுன்னு. நல்ல யோசனைன்னு நானும் சொன்னேன். ஊர்ல கார்த்திகை மாசக் குளிருக்கு இப்படித்தானே, அடுப்படியில வெந்நீர் கொதிச்சிட்டே கிடக்கும், பூனைகூட அங்கதான் படுக்கும். நான்தான் பானையைத் தூக்கி வச்சேன், நான்தான் திருகைக் குறைச்சேன். தூங்கப் போகும்போது அணைச்சிருங்கன்னு சொன்னேனா? சொல்லியிருப்பேன். சொல்லல. கூரை சன்னல்? தாளிச்ச வாசம் போகட்டும்னு திறந்து வச்சிருந்தேன், சாப்பிடும்போது குளிருதுன்னாக, எந்திரிச்சுப் போய் மூடிக் கொக்கி போட்டேன். ஒரு பொட்டுக் காத்து உள்ளே வராது. அடுப்புக்கு மேல மஞ்சள் ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டியிருந்தான், சமைக்க மட்டும், குளிர் காய இல்லைன்னு, எண்ணெய் தெறிச்சு அசிங்கமாப் போச்சுன்னு போன மாசம் கத்தியை வச்சுச் சுரண்டி எடுத்தேன். அதுவும் நான்தான். இவுக இப்ப மல்லாக்கப் படுத்து, கூரையையே பார்த்துட்டுக் கொஞ்ச நேரம் கிடந்து, முருகான்னு ஒரு பெருமூச்சு விட்டுட்டுத் திரும்பிப் படுத்திருப்பாக. வீட்ல இந்தப் பழக்கம் கிடையாது, டிவி ஓட ஓடத் தூங்கிருவாக, டிரெய்லர்ல ஏறினா மட்டும் பக்தி. முருகன் என்ன உங்க கூரையில குடியிருக்கானான்னு ஒரு நாள் கேட்டேன், சிரிச்சிட்டு விட்டுட்டாக. காலையில இருந்தே தலை வலிக்குதுன்னாக. ஒம்பதாயிரம் அடி உயரம், முதல் ரெண்டு நாள் தலை வலிக்கும், தண்ணி நிறையக் குடிங்கன்னு வாசல்ல போர்டே வச்சிருக்கான். இட்லி அவிச்சு முடிச்சதுல இருந்து எனக்கும்தான் நெத்தியில விண் விண்ணுன்னு இருந்துச்சு. இப்ப இல்ல. எப்ப நின்னுச்சு? நடந்து வரும்போது இருந்துச்சு, இங்க வந்து கொஞ்ச நேரத்துல இல்ல. இதுவும் அதே மலைதானே, அதே உயரம்தானே.

போனை எடுத்துப் பார்த்தேன், ஒரு கோடுகூட இல்ல, இந்தப் பள்ளத்துக்குள்ள சிக்னலே கிடையாது, வந்த அன்னைக்கே அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டாக, ஆபீஸ்ல இருந்து ஒருத்தன் கூப்பிட முடியாதுன்னு. டொக். காசு இப்படிச் சத்தம் போடாதே. காசுன்னா கணகணன்னு இருக்கும், அங்கங்க ஒட்டிக்கிட்டு விட்டு விட்டுக் கேக்கும். இது கனமா, ஒவ்வொரு சுத்துக்கும் ஒண்ணு, மேல இருந்து கீழ விழுற சத்தம். ஸ்வெட்டர் பட்டன் மரப் பட்டன், அது இவ்வளவு கனம் இல்ல. ஸ்வெட்டர். ஸ்வெட்டருக்குப் பை உண்டு, வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணு, மானைப் பார்க்கும்போது குளிருக்கு ரெண்டு கையும் பைக்குள்ள விட்டுட்டு நின்னேன். கை அங்கதான் இருந்துச்சு. எந்திரிச்சு டிரையர் கதவைப் பிடிச்சு இழுத்தேன், ஓடுறது நின்னுச்சு, சூடு முகத்துல அடிச்சுது, கையை விட்டுத் துணியைப் புரட்டினேன், இவுக லுங்கி, பனியன், துண்டு, என் நைட்டி, தரையில அள்ளிப் போட்டேன், டெபி என்னமோ கேக்கா, காதுல விழல. அடியில கிடந்துச்சு. சதுரமா, தலையில ரெண்டு குமிழ். கையில பிடிக்க முடியாத சூடு. கிண்ணம் காலியா இருந்துச்சு, ஏன்னா அதை நான் கிண்ணத்துல வைக்கவே இல்ல. கூரையில மாட்டினாலும் கிண்ணம் காலி, பையில கிடந்தாலும் காலி. இப்படி ஒரு ஏற்பாட்டைப் பண்ணி வச்சுட்டு, ரெண்டு வருஷமா என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிட்டு இருந்திருக்கேன். டெபிகிட்ட என் வீட்டுக்காரர், அடுப்பு, அலாரம்னு மூணு வார்த்தை சொன்னேன், இங்கிலீஷ்ல சொன்னேனா தமிழ்ல சொன்னேனா தெரியாது, அவ வாயைப் பொத்திட்டு நின்னா. துணி கிடக்கட்டும். வெளியே வந்துட்டேன்.

டிரக்குல வந்திருக்கலாம். சுகர் இருக்கு, நடக்கணும்னு டாக்டர் சொன்னதைக் கேட்டு, மூட்டையை இழுத்துக்கிட்டு நடந்தே வந்தேன், வரும்போது இறக்கம், இப்ப ஏத்தம். இருபது எட்டு ஓடினா நெஞ்சு அடைக்குது, நடக்கேன், மறுபடியும் ஓடுதேன். பன்னிரண்டாம் நம்பர். பதினாலு. நாயைப் பிடிச்சிட்டுப் போற ஒரு வயசான தாத்தா கையை ஆட்டுதார், எல்லாரும் இங்க கையை ஆட்டுவாக, நானும் ஆட்டுதேன், என்னத்துக்கு ஆட்டினேன்னு தெரியல. எத்தனை மணிக்குக் கிளம்பினேன்? ஒண்ணேகால். துவைக்க அரை மணி, காய இருபது நிமிஷம், நடந்தது, காத்திருந்தது. ஒரு மணி நேரம் ஆச்சு. ஒரு மணி நேரத்துல என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. ஆகும். பேப்பர்ல போடுவான்ல, குளிருக்கு அடுப்பு மூட்டிட்டுத் தூங்கின குடும்பம்னு, அதை வாசிச்சிட்டு இவ்வளவு புத்தி இல்லாத சனங்களான்னு நானே சொல்லியிருக்கேன், காபி குடிச்சிட்டே சொல்லியிருக்கேன். இருபத்தெட்டாம் நம்பர். செருப்பு அத்துக்கும் போல இருக்கு. இவுகளுக்கு ஏதாவதுன்னா இந்த இருபத்தாறு அடியை யார் இழுத்துட்டுப் போவா, எனக்கு வண்டியைப் பின்னால எடுக்கத் தெரியாது, இவுக எடுக்கும்போது பின்னால நின்னு கையைக் காட்டத்தான் தெரியும், அதுலயும் லெஃப்ட்டுக்கு ரைட்டுன்னு காட்டி ஒரு மரத்துல இடிச்சாச்சு. இந்த நேரத்துல இதை நினைக்கேனே, நான் எல்லாம் ஒரு பொம்பளையா. காந்திமதிக்கு என்னன்னு சொல்லுவேன்? அப்பா தூங்கினாக, நான் கடுகு தாளிச்சேன்னா? இஸ்திரிப்பெட்டிக்குத் திரும்பிப் போனவ, இதுக்கு உக்காந்திருந்தேன். அங்க எந்திரிக்கப் போயி உக்காந்தேனே, அந்த நிமிஷத்துல கிளம்பியிருந்தா இப்ப போய்ச் சேர்ந்திருப்பேன். எனக்குப் பயமா இருக்கு. இவுக கோவிச்சுக்கிட்டாக்கூடப் பரவாயில்ல, பேசாம ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, எந்திரிச்சு வந்து கதவைத் திறந்தாப் போதும். முருகா. நான் முருகனைக் கூப்பிடுற ஆள் இல்ல, இவுகளைப் பார்த்து எனக்கும் தொத்திக்கிச்சு. முப்பத்தாறு. முப்பத்தெட்டு.

முப்பத்தெட்டாம் நம்பர்கிட்ட கேட்டுச்சு. அந்தச் சத்தம். ரெண்டு வருஷமா நான் திட்டாத திட்டெல்லாம் திட்டின அதே சத்தம், காதுக்குள்ள ஊசியை விடுற சத்தம். நாலு தடவை கத்தும், நிறுத்தும், மறுபடியும் நாலு. பேட்டரி என் உள்ளங்கையில இருக்கு, இன்னும் சூடு ஆறல, அப்ப கத்துறது எது? வேற யாரு வீட்டுதோ. இல்ல, நம்ம டிரெய்லர்தான், சன்னல் கண்ணாடி பூரா உள்பக்கம் ஆவி படிஞ்சு வெள்ளையாக் கிடக்கு. கதவைப் பிடிச்சு இழுத்தேன். சூடான காத்து, பெருங்காய வாசம், பானை தளதளன்னு கொதிக்குது, இவுக லுங்கியும் மப்ளருமா கட்டில் விளிம்புல ஏறி நின்னு, ஒரு கையால கூரையைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால அந்த வட்டத்தைத் திருகிட்டு இருக்காக. முகம் சிவந்து கிடக்கு. உசிரோட இருக்காக. என்னைப் பார்த்ததும் சலிப்பாச் சொன்னாக, எனக்குக் காது கேக்கிற மாதிரிச் சத்தமா.

"வந்துட்டியா. நீ தாளிக்கக்கூட இல்ல, சும்மா கிடந்து கத்துது சனியன். கழட்டிப் போட்டுட்டுப் படுக்கலாம்னு பாக்கேன்."

"கழட்டாதீங்க."

"புகையே இல்லையே வல்லி. பொய்யாக் கத்துது."

"கழட்டாதீங்கன்னு சொல்றேன்ல. இறங்குங்க. வெளியே வாங்க."

நான் இப்படிப் பேசி இவுக கேட்டதில்ல, கையை எடுத்துட்டாக. அடுப்பை அணைச்சேன், கூரை சன்னல் கொக்கியைத் தட்டிவிட்டேன், இறங்கும்போது இவுக கால் தடுமாறுச்சு, தோளைக் கொடுத்து வெளியே இழுத்துட்டு வந்து பெஞ்சில உக்கார வச்சேன். மான் நின்ன இடத்துக்கு நேரா. தலை கிர்ருன்னு இருக்கு, தூங்கி எந்திரிச்சா சரியாப் போகும்னு நினைச்சேன்னாக. மூச்சை நல்லா இழுத்து விடுங்க, பத்து நிமிஷம் பார்ப்போம், தெளியலைன்னா டெபியைக் கூப்பிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேன். டெபி யாருன்னு கேட்டாக. நான் உள்ளங்கையை விரிச்சுப் பேட்டரியைக் காட்டினேன். பானையைப் பத்திச் சொன்னேன், மூடின சன்னலைப் பத்திச் சொன்னேன், பாதியிலயே இவுகளுக்குப் புரிஞ்சு போச்சு, கரண்ட் எஞ்சினியர்தானே. தலையைக் குனிஞ்சுக்கிட்டாக. பேட்டரி என் கையில இருக்கு, அப்ப உள்ளே கத்துறதுக்கு யாரு பேட்டரி போட்டதுன்னு கேட்டேன். மல்ட்டிமீட்டரைப் பிரிச்சு, அதுல கிடந்த இதே மாதிரிச் சதுரப் பேட்டரியை எடுத்து மாட்டினேன்னாக. படுத்து மேல பார்த்தேன், பேட்டரி இருந்தா அதுல எரியுற பச்சை லைட் எரியல, அதான் எந்திரிச்சு மாட்டிட்டுப் படுத்தேன்னு சொன்னாக.

"தினமும் அதைத்தான் பாப்பீங்களா? நான் முருகனைக் கும்பிடுறீங்கன்னு நினைச்சேன்."

"எரிஞ்சா முருகான்னு சொல்லிட்டுத் தூங்குவேன். பார்க்காம எப்படித் தூங்க, டிரெய்லர்ல தாளிக்கிறவ இருக்கையில."

நான் எத்தனை தடவை மறந்திருக்கேன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னு பார்த்தாக, நான் விடல. இதோட அஞ்சுன்னாக. கிண்ணத்துக்குள்ள கிடக்கும், நீ பெட்டியை மூடிட்டுப் போயிருப்ப, எடுத்து மாட்டிருவேன், இன்னைக்குத்தான் கிண்ணத்துலயும் இல்லன்னாக. ஏன் ஒரு வார்த்தை சொல்லலைன்னதுக்கு, சொன்னா நீ தாளிக்கிறதையே விட்டுருவ, அதுவும் ஒரு இஸ்திரிப்பெட்டியா ஆயிரும்னு சொல்லிட்டு, மப்ளரை அவுத்து என் கழுத்துல போட்டாக. எனக்கு வியர்த்து ஊத்திட்டு இருந்துச்சு, ஆனாலும் எடுக்கல. அழுகை வந்துச்சு, அழுதேன், இவுக பார்க்காத மாதிரி மரத்தைப் பார்த்தாக. நாப்பதாம் நம்பர்க்காரன் வெளியே வந்து, என்ன இன்னைக்கும் கறியான்னு சிரிச்சுக்கிட்டே கேக்கான், நான் கையை ஆட்டுதேன். உள்ளே அது இன்னும் கத்துது, நாலு, நிறுத்தம், நாலு. போய் அமுக்கிட்டு வரவான்னு இவுக பழக்க தோசத்துல எந்திரிக்கப் பார்த்தாக, லுங்கியைப் பிடிச்சு உக்கார வச்சேன். கத்தட்டும். அதுவா எப்ப நிறுத்துதோ அப்ப நிறுத்தட்டும்னு உக்காந்திருக்கோம்.